முந்தியில் வைத்த மஞ்சள்

1

மெல்பேர்னில் வந்து இறங்கி பதினேழு வருடம் முடிந்த அன்று காலை, எங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் என் மகள் பெயருக்கு ஒரு கடிதம் கிடந்தது. அவள் படிக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அவர்கள் எதையும் மின்னஞ்சலில்தான் அனுப்புவார்கள். காகிதத்தில் வந்தால் ஏதோ விஷயம் இருக்கிறது. பிரித்துவிட்டேன்.

இதை வாசிக்கும் ஆரணிக்காரர்களுக்கு நான் செய்தது தப்பாகவே தெரியாது. நம் ஊரில் வீட்டுக்கு வந்த கடிதம் வீட்டுக்கே வந்த கடிதம். என் கல்லூரி மார்க் ஷீட்டை எனக்கு முன்னால் என் அப்பா பார்த்தார், அவருக்கு முன்னால் எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் பார்த்தார். இங்கே அடுத்தவர் பெயர் போட்ட உறையைக் கிழிப்பது குற்றம். பெற்ற மகளும் அடுத்தவர்தான் என்று சட்டம் நினைப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடிதம் சுருக்கமாக இருந்தது. படிப்பிலிருந்து விலக நீங்கள் அனுப்பிய விண்ணப்பம் கிடைத்தது. இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் உறுதி செய்தால் விலகிக்கொள்ளலாம். செய்யாவிட்டால் விண்ணப்பம் தானாக ரத்தாகும், நீங்கள் தொடர்ந்து படிப்பதாக எடுத்துக்கொள்வோம்.

தேன்மொழி, வீட்டில் தேனு, மருந்தியல் மூன்றாம் வருடம் படிக்கிறாள். இன்னும் ஒன்றரை வருடம் ஓட்டினால் பட்டம். அந்த வாரம் முழுக்க அவள் ஒழுங்காகப் பையை மாட்டிக்கொண்டு காலை எட்டு மணி ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்படியானால் எங்கே போகிறாள்? உடனே எனக்கு அந்தக் கேள்விதான் வந்தது.

நான் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன். ஒரு பெரிய கிடங்கில், வாங்கியவர்கள் திருப்பி அனுப்பும் பொருள்களைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. "பெட்டியைத் திறக்கவே இல்லை" என்று எழுதி அனுப்பிய மிக்ஸியின் பிளேடு இடுக்கில் தேங்காய்த் துருவலைக் கண்டுபிடித்தவன் நான்தான். வேலையை வீட்டுக்கு எடுத்து வராதே என்று என் மனைவி செல்வி சொல்வாள். எடுத்து வரவில்லை. அது என் கூடவே நடந்து வருகிறது.

மதிய இடைவேளையில் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தேன். இசை போட்டு இருபது நிமிடம் காக்க வைத்தார்கள். பிறகு ஒரு பெண் வந்து, மாணவி வயது வந்தவர், அவரைப் பற்றி யாரிடமும் எதுவும் பேச முடியாது என்றாள். நான் அவள் அப்பா என்றேன். மிக்க மகிழ்ச்சி என்றாள். கிண்டலா மரியாதையா என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

2

தேனு எதற்காகப் படிப்பை விடப் பார்க்கிறாள் என்று கண்டுபிடிக்க பெரிய துப்பறியும் வேலை எதுவும் தேவைப்படவில்லை. காரணம் எங்கள் கராஜிலேயே நின்றுகொண்டிருந்தது. ஒரு நீள மேஜை, அதன் மேல் பழைய போர்வை, ஒரு நீராவி இஸ்திரிப்பெட்டி, இரண்டு டப்பா நிறைய கிளிப்.

இந்த ஊரில் நம் பெண்கள் பலருக்குப் புடவை கட்ட ஆசை உண்டு, கட்டத் தெரியாது, தெரிந்தாலும் நேரம் கிடையாது. புடவையைத் தேனுவிடம் கொடுத்தால் இடுப்புக் கொசுவத்தையும் முந்தி மடிப்பையும் முன்கூட்டியே மடித்து, இஸ்திரி போட்டு, கிளிப் குத்தி, புத்தகம் மாதிரி அடுக்கிப் பெட்டியில் வைத்துத் தருவாள். வாங்கியவள் ஐந்து நிமிடத்தில் கட்டிக்கொண்டு காரில் ஏறிவிடலாம். கோயிலில் பார்த்த ஒரு பெண்ணுக்கு விளையாட்டாகச் செய்து கொடுத்தாள். அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள். ஒரு வருடத்துக்குள் என் கார் கராஜிலிருந்து தெருவுக்குப் போய்விட்டது.

இந்த வித்தையை வீடியோ காலில் சொல்லிக் கொடுத்தவள் ஆரணியில் இருக்கும் என் அக்கா மகள் கோமதி. அவள் காலேஜை இரண்டாம் வருடத்தில் விட்டவள். இன்றைக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு அறை பிடித்து நான்கு பெண்களை வைத்து இதே தொழில் செய்கிறாள். வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பார்சலில் புடவை வருகிறதாம். தேனு அவளைக் கோமதிக்கா என்பாள். அத்தை மகளை அண்ணி என்று கூப்பிட வேண்டும் என்று பத்து வருடமாகச் சொல்கிறேன். அக்கா என்று கூப்பிட்டால் நெருக்கம் கூடிவிடுகிறது, நெருக்கம் கூடினால் புத்திமதியும் ஏறிவிடுகிறது என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அன்றே கோமதிக்குப் போன் போட்டேன். இங்கே மத்தியானம், அங்கே காலை.

"இன்னா கோமதி, தேனுக்கு இன்னா சொல்லிக் குடுத்துகினு இருக்கற?"

"மடிப்பு மாமா. நேத்து முந்தி மடிப்பு. ஏன்?"

"மடிப்பு மட்டுந்தானா? காலேஜ வுட்டு நின்னுடுன்னு எவ சொல்லிக் குடுத்தா?"

அந்தப் பக்கம் இஸ்திரிப்பெட்டி புஸ் என்று சீறியது. "மாமா, நான் வேணாம்னுதான் சொன்னேன். எனுக்கு டிகிரி இல்லன்னு மாமியார் வூட்ல இன்னிக்கும் குத்திக் காட்டிகினு இருக்காங்க. படிச்சி முடிச்சிட்டு செய் பாப்பான்னுதான் சொன்னேன். நம்பலன்னா அவளயே கேளுங்க."

நம்பவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே ஒருத்தரை ஏற்றிவிடுவது எங்கள் அக்கா வீட்டுக்குக் கைவந்த கலை. அக்காவுக்குத் தன் மகள் படிப்பை விட்டது ஒரு குறை. தம்பி மகளும் விட்டுவிட்டால் கணக்கு சரியாகிவிடும் அல்லவா? இப்படியெல்லாம் கூடப் பிறந்தவளைப் பற்றி நினைக்கலாமா என்று கேட்பீர்கள். நினைத்தேன், அதுதான் உண்மை.

3

எனக்கும் ஒரு காலத்தில் இதே முடிவு வந்து நின்றது. ஆரணியில் பி.காம். இரண்டாம் வருடம் படித்தபோது, என்னோடு படித்த சேகர் காலேஜை விட்டுவிட்டு ரைஸ் மில்களில் தவிடு வாங்கி மாட்டுத் தீவனக் கடைகளுக்குப் போடப் போவதாகச் சொன்னான். என்னையும் கூட்டு சேரச் சொன்னான்.

"வாடா, ஜல்தியா முடிவு பண்ணு. காலேஜ் எங்கியும் ஓடிப் போவாது, மில்லுக்காரன் வேற ஆளுக்குக் குடுத்துடுவான்."

முப்பது பேர் இருக்கிற வகுப்பில் என்னை ஏன் கூப்பிடுகிறான்? இரண்டு நாள் யோசித்தேன். அவனிடம் சைக்கிள் இல்லை, என்னிடம் இருந்தது. பயல் என்னைக் கூப்பிடவில்லை, என் சைக்கிளைக் கூப்பிடுகிறான் என்று முடிவு கட்டி மறுத்துவிட்டேன். இப்போது சேகருக்கு இரண்டு லாரி. ஆனால் மகனை எதில் சேர்த்திருக்கிறான் தெரியுமா? இன்ஜினியரிங் காலேஜில். லாரி ஓட்ட வைக்கவில்லை பாருங்கள். தேனுவிடம் இதை நான் ஒரு சாட்சியாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

நான் பட்டம் வாங்கினேன். வாங்கி, ஒரு பட்டுக் கடையில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். நெசவு முடிந்து வரும் புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இழை விட்டிருக்கிறதா, கரை ஏறி இறங்கியிருக்கிறதா, ஜரிகை பிசிறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு பி.காம். தேவையில்லை. ஆனாலும் ஒன்பது வருடம் அதைச் செய்தேன், நன்றாகவே செய்தேன். சிரித்துக்கொண்டே வரும் நெசவாளியின் புடவையை இரண்டு தரம் பார்ப்பேன். தேவிகாபுரம் பக்கத்திலிருந்து வரும் ஒருத்தர் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்: "தம்பி, உனுக்குப் பொடவ தெரிதோ இல்லியோ, கொற தெரிது." அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டில் போய்ச் சொன்னேன்.

பிறகு நர்ஸாக இருந்த செல்விக்கு இங்கே வேலை கிடைத்தது, அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு நானும் வந்தேன். வந்ததும் என் பட்டத்தை ஓர் அலுவலகத்துக்கு மதிப்பீட்டுக்கு அனுப்பினேன். கல்லூரி முத்திரை குத்தி ஒட்டிய உறையில்தான் வர வேண்டும் என்றார்கள். ஆரணியில் முத்திரை வைத்திருக்கும் கிளார்க் லீவில் போய்விட்டார். எட்டு மாதம் கழித்து பதில் வந்தது: மூன்று வருடப் படிப்பு, இந்த நாட்டின் ஒரு சான்றிதழ் வகுப்புக்குச் சமம். அதை வாசித்துவிட்டு நான் கிடங்கு வேலைக்கு விண்ணப்பம் போட்டேன்.

அப்புறமும் படிப்பு படிப்பு என்று ஏன் அடித்துக்கொள்கிறாய் என்று செல்வி கேட்டிருக்கிறாள். பயம்தான், வேறென்ன. என் அப்பா தேசூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். எங்களுக்குக் காணி நிலம் கிடையாது. எங்கள் குடும்பத்தில் கைக்கு வந்து திரும்பப் பிடுங்கப்படாத பொருள் அந்தச் சான்றிதழ் ஒன்றுதான். அதற்கு மதிப்பு இல்லை என்று ஓர் அலுவலகம் சொல்லலாம், ஆனால் பிடுங்க முடியாது. தொழில் அப்படியா? ஒரு மழைக்குத் தாங்குமா?

4

கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். தேனு வந்து பார்த்தாள். அவள் கண் முதலில் போனது கிழிந்த ஓரத்துக்கு.

"அப்பா, என் லெட்டர ஓப்பன் பண்ணீங்களா?"

"அத அப்புறம் பேசலாம். இது இன்னா?"

"இல்ல, அத இப்பவே பேசணும். என் நேம் போட்டிருக்கு."

"உன் நேமே நான் வெச்சதுதான்."

செல்வி நடுவில் வந்து இருவரையும் உட்கார வைத்தாள். தேனு அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காலேஜுக்குத்தான் போகிறேன், உறுதி செய்யும் வரை வகுப்பைத் தவறவிடக் கூடாது என்று போகிறேன் என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நான் தப்பு எதுவும் பண்ணலப்பா. காலைல எந்திரிச்சா அந்த லேப நெனச்சாலே எனக்கு வயிறு வலிக்குது. பொடவ மடிக்கும்போது வலிக்கல. அவ்ளோதான்."

"வயித்து வலிக்கு மருந்து படிக்கறவளே நீதான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"யார் சொல்லி இதப் பண்ற? கோமதியா?"

"ஏன்ப்பா எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு ஆள் இருக்கணும்?"

செல்விதான் வழி சொன்னாள். "ஏங்க, அவளுக்கு ஒரு கல்யாண ஆர்டர் வந்துக்குது. பதினாலு பொடவ. மண்டபத்துல அலங்காரம் பண்ற அம்மா, இது நல்லா வந்துச்சின்னா இனிமே எல்லாக் கல்யாணப் பொண்ணையும் இவகிட்டயே அனுப்பறேன்னு சொல்லிக்குறாங்க. கல்யாணம் சனிக்கிழமை. கடைசி தேதி அதுக்கு அடுத்த வெள்ளி. அது எப்படி நடக்குதுன்னு பாத்துட்டு அவளே முடிவு பண்ணட்டும். அது வரைக்கும் நீங்க வாயத் தொறக்காதீங்க."

ஒப்புக்கொண்டேன். பெருந்தன்மை என்று செல்வி நினைத்தாள். பதினான்கு புடவையை ஒரு வாரத்தில் இவளால் முடிக்க முடியாது, தானாகக் கவிழும் என்பது என் கணிப்பு. ஏதாவது ஒன்றில் குறை வராமல் போகுமா?

5

வியாழக்கிழமை மாலை மணப்பெண் வீட்டார் வந்து புடவைகளை எடுத்துப் போக வேண்டும். அன்று காலை தேனு லேபுக்குப் போய்விட்டாள், செல்விக்கு ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட், எனக்கு விடுமுறை. கராஜுக்குள் போனேன். எதற்குப் போனேன் என்று பூசி மெழுக மாட்டேன், குறை தேடத்தான் போனேன்.

பதினான்கு பெட்டியும் தயாராக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மடிப்பு அகலம் மேலிருந்து கீழ் வரை ஒரே அளவு. கரை மேல் கரை உட்கார்ந்திருந்தது. எங்கேயும் இஸ்திரித் தழும்பு இல்லை. ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும்போதும் எனக்கு எரிச்சல் கூடிக்கொண்டே போனது, கூடவே கொஞ்சம் கர்வமும். இருபது வயதுப் பெண், தறியையே நேரில் இரண்டு முறைதான் பார்த்தவள், பட்டை இப்படிக் கையாள எங்கே கற்றாள்?

கடைசிப் பெட்டி முகூர்த்தப் புடவை. தந்த நிறம், அரக்குக் கரை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எங்கள் ஊர் நெசவு. ஐயாயிரம் மைல் தாண்டி என் வீட்டு கராஜில் வந்து படுத்திருக்கிறது. ஜரிகையை விரலால் தடவினேன், மேலே இருந்த மூலையைத் தூக்கிப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. மஞ்சள் இல்லை.

நம் வீடுகளில் புதுத் துணி என்றால், அது கைக்குட்டையானாலும், மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் வைக்காமல் உடுத்த மாட்டோம். நான் வேலை செய்த கடையில் கல்யாணப் புடவையை மடித்துக் கொடுக்கும்போது முதலாளி என் பக்கம் ஒரு மஞ்சள் கிண்ணத்தை நீட்டுவார். ஒன்பது வருடத்தில் எத்தனை கல்யாணப் புடவைக்கு என் விரல் மஞ்சள் வைத்திருக்கும்! என் வீட்டிலிருந்து ஒரு முகூர்த்தப் புடவை வெறும் மூலையோடு கிளம்புவதா?

சாமி அலமாரியிலிருந்து மஞ்சள் தூளை எடுத்து, உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்து, அந்த மூலையில் ஒரு பொட்டு அழுத்தி வைத்தேன். பெட்டியை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். ரொம்ப நாள் கழித்து மகளுக்கு ஒரு நல்லது செய்த மாதிரி மனசு நிறைந்திருந்தது. மாலையில் அவர்கள் வந்து பெட்டிகளை எடுத்துப் போனபோது கார் வரை நானே இரண்டு பெட்டி தூக்கிக் கொடுத்தேன்.

6

வெள்ளிக்கிழமை மாலை மணப்பெண் வீட்டிலிருந்து தேனுவின் போனுக்கு ஒரு படம் வந்தது. தந்த நிற முந்தியில் வரிசையாக ஏழு மஞ்சள் கறை. புடவை மடிப்பு மடிப்பாக அடுக்கி இறுக்கப்பட்டிருந்தது அல்லவா, நான் வைத்த ஈரப் பொட்டு ஏழு மடிப்பிலும் இறங்கியிருந்தது. தோளில் குத்தி விரித்தால் நெஞ்சுக்கு நேராக ஏழும் தெரியும்.

ஆரணியில் நாங்கள் மஞ்சள் வைப்பது இடுப்பில் செருகும் உள்முனையில். வைத்தது வைத்தவருக்குத்தான் தெரியும். கடையில் மடித்துத் தரும் புடவையில் அந்த முனைதான் மேலே இருக்கும். தேனு மடிக்கும் முறையில் முந்திதான் மேலே.

முதலில் இஸ்திரிப்பெட்டித் துரு என்று நினைத்து அவள் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மஞ்சள் வெச்சது நீங்களா?"

"புதுப் பொடவம்மா. மஞ்சள் வெக்காம எப்படி..."

"நீங்க என் கராஜுக்குள்ள ஏன் போனீங்க?"

அவள் ஒவ்வொன்றாக அடுக்கினாள். என் கடிதத்தைப் பிரித்தீர்கள், காலேஜுக்குப் போன் செய்தீர்கள், கோமதிக்காவை மிரட்டினீர்கள், நான் இல்லாத நேரம் பார்த்து உள்ளே போனீர்கள். கிடங்கில் நான் ஒரு பொருளை நிராகரிக்கும்போது இப்படித்தான் எழுதுவேன், ஒன்று, இரண்டு, மூன்று என்று.

"வேணும்னே பண்ணீங்களா அப்பா?"

"சீ, பெத்த பொண்ணுக்கு எவனாவது..."

செல்வியைப் பார்த்தேன், அவளாவது இல்லை என்று சொல்வாள் என்று. செல்வி அடுப்பை அணைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவள். அந்த மௌனம் எனக்கு நன்றாக வலித்தது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு தேனு இஸ்திரிப்பெட்டியோடு மணப்பெண் வீட்டுக்குக் கிளம்பினாள். கார் ஓட்ட மட்டும் நான். முந்தியை உள்ளே திருப்பி, அகலத்தைக் குறைத்து, மறுபடி மடித்து எப்படியாவது மறைக்கலாம் என்று பார்த்தாள், முடியவில்லை. நான் மணப்பெண்ணிடம் இதை வைத்தது என் கை, மங்கலத்துக்காக வைத்தது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். வடக்கத்திக் குடும்பம்தான், ஆனாலும் அவள் அம்மாவுக்குப் புரிந்தது, என் கையைப் பிடித்துப் பரவாயில்லை என்றார். மகள் இந்த ஊரில் பிறந்தவள். அவளுக்கு அது மங்கலமாகப் படவில்லை, படங்களில் விழப்போகும் கறையாகத்தான் பட்டது. அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? மஞ்சள் பட்டில் ஏறினால் இறங்காது. அவள் வரவேற்புக்கு வைத்திருந்த சிவப்புப் புடவையை முகூர்த்தத்துக்குக் கட்டிக்கொண்டாள். அலங்காரம் செய்யும் அம்மா தேனுவின் காதுபடவே புடவை மடிக்கும் இன்னொரு பெண்ணின் நம்பரை யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும் வழியில் தேனு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டேன்.

அன்று மத்தியானம் கோமதி போன் செய்தாள். தேனு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். நான் முந்திக்கொண்டு என் பக்கத்து நியாயத்தைச் சொன்னேன். பழக்க தோஷம், உள்முனை என்று நினைத்து வைத்துவிட்டேன், நம் ஊர் ஆள் எவனும் செய்யக்கூடிய தப்புதான் என்று.

"நம்மூர் ஆளுங்க செய்வாங்க மாமா" என்றாள் கோமதி. "ஆனா நீங்க ஒம்போது வருசம் செக்கிங்ல இருந்தீங்களே. முந்தி எது, உள்முனை எதுன்னு கண்ண மூடிகினு தொட்டுப் பாத்தே சொல்லுவீங்கன்னு அம்மா பெருமையா பேசுவாங்க. நீங்களா தெரியாம வெச்சிட்டீங்க?"

அவள் குத்திக் காட்டக் கேட்கவில்லை. ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள். நான் போனை வைத்துவிட்டு கராஜில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பெட்டியைத் திறந்து ஜரிகையைத் தடவினேன். அவ்வளவு நெருக்கமான ஜரிகை வேலைப்பாடு முந்தியில்தான் இருக்கும், உள்முனையில் இருக்காது. என் விரலுக்கு அது தெரியாதா? ஈர மஞ்சள் அடுத்த மடிப்புக்கு இறங்கும் என்பதும் எனக்குத் தெரியாதா? கடையில் நாங்கள் உலர்ந்த மஞ்சளைத்தான் ஒற்றி எடுப்போம். அன்று ஏன் தண்ணீர் விட்டுக் குழைத்தேன்?

மனசாரச் சொல்கிறேன், கெடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நினைக்காமலே கை செய்திருக்குமோ? ஊரில் உள்ள அத்தனை பேர் மேலும் சந்தேகப்பட்ட எனக்கு, என் கை மேல் சந்தேகம் வந்தது அன்றுதான். அது மற்ற சந்தேகம் போல இல்லை. மற்றவனைச் சந்தேகப்பட்டால் அவனை விட்டுத் தள்ளி நிற்கலாம், இதில் எங்கே போய் நிற்பது?

7

கடைசி வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பே தேனு செல்வியிடம் சொல்லிவிட்டாள். விலகலை உறுதி செய்யப் போவதில்லை, படிப்பை முடிக்கிறாள். "ஒரே ஒரு பொடவ போனா எல்லாமே போய்டுதும்மா. அவ்ளோ சின்ன பிசினஸ்" என்றாளாம். கராஜிலிருந்த மேஜையை ஒரு தோழி வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். என் கார் மறுபடி உள்ளே வந்தது.

செய்தி எப்படியோ ஆரணிக்குப் போய்விட்டது. அக்கா போன் செய்து, "உன் பேச்ச கேட்டுகிச்சே பொண்ணு! நல்லா வளத்துக்கற" என்றாள். அக்கா தன் மகளை நினைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டதும் கேட்டது. அவள் குரலில் எந்தச் சூதும் இல்லை. இத்தனை நாள் அவளைப் பற்றி நான் நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகு அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளாக யோசித்துப் படிப்பில் இருந்திருந்தால் வீட்டுக்கு வீடு லட்டு கொடுத்திருப்பேன். இது அப்படி இல்லையே. பதினான்கில் பதின்மூன்று புடவை அப்பழுக்கில்லாமல் போனது. பதினான்காவதும் அப்படித்தான் இருந்தது, நான் போய்த் தொடும் வரை.

வெள்ளிக்கிழமை நான் சீக்கிரம் கிளம்பி வந்துவிட்டேன். தேனு சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தை விரித்து வைத்து மருந்துப் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தது. மணி நாலரை. எதிரே உட்கார்ந்தேன்.

"தேனு, காலேஜ வுட்டுடும்மா."

அவள் நிமிர்ந்தாள்.

"இன்னும் அரை மணி நேரம் இருக்குது. உறுதி பண்ணிடு. எங்கயாவது ஒரு இடம் புடிக்கலாம். நீ மடிக்கறத நான் பாத்தேன். ஒன்பது வருசத்துல அந்த மாதிரி கை நான் பாத்ததில்ல. போனா போவட்டும், நான் கூட நிக்கறேன்."

அவள் முகத்தில் கோபம் இல்லை. என் முகத்தில் எதையோ தேடினாள்.

"ஏன்ப்பா இப்ப சொல்றீங்க?"

"தோணிச்சி, சொல்றேன்."

"நாலரைக்கு சொல்றீங்க, அஞ்சு மணிக்கு முடியுது. நான் எப்படியும் பண்ண மாட்டேன்னு தெரிஞ்சுதான சொல்றீங்க? அப்புறம் நான் அன்னிக்கே வுடச் சொன்னேனேன்னு சொல்லலாம், இல்ல?"

"இல்லம்மா. உன் தலமேல சத்தியமா இல்ல."

"அம்மா சொல்லச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல."

"அப்போ இதுல என்னப்பா இருக்கு?"

ஒன்றும் இல்லை என்றேன். அவள் புத்தகத்துக்குத் திரும்பினாள். ஐந்து மணி ஆனது. அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

உள்நோக்கம் எதுவும் இல்லாமல் என் மகளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அது. அவள் நம்பவில்லை. நம்பும்படி நான் அவளை வளர்க்கவில்லை.